துறைமுகத்தைத் தின்ற வண்டல்



"ஊரை வாழவைப்பது மனித முயற்சிதான், ஆறு சும்மா ஓடுற தண்ணி"ன்னு எதிரணிச் சகோதரி சொன்னாங்க. நீங்களும் கைதட்டுனீங்க. அந்தச் சும்மா ஓடுற தண்ணி ஒரு பேரரசையே திணறடிச்ச கதை இருக்கய்யா, கேளுங்க.

ரோமாபுரி கடற்கரையிலே இல்லை. டைபர் ஆற்றங்கரையிலே, கடலுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேலே உள்ளே தள்ளி இருக்கு. அந்த ஆறு கடலிலே கலக்கிற இடத்திலே ஆஸ்டியான்னு ஒரு ஊர். முகத்துவாரம் என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள். அங்கே ஓர் ஆற்றுத் துறைமுகம் இருந்தது. எங்கே இருந்தது, எவ்வளவு ஆழம்? ஆராய்ச்சியாளர்கள் தரையிலே நீளக் குழாயை இறக்கி, மண்ணை அடுக்கடுக்கா எடுத்துப் பார்த்தாங்க. 2014-ல் முடிவு வெளியாச்சு. ஒரு காலத்திலே ஏறக்குறைய 6 மீட்டர் ஆழம் இருந்த துறை, கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தூர்ந்து போயிருக்கு. தூர்த்தது யாரு? எதிரியா? இல்லைய்யா, டைபர் கொண்டுவந்த வண்டல்! படியளந்த கையே வாசலையும் அடைச்சிட்டுது!

மனுசன் சும்மா இருந்தானான்னு கேட்பீங்க. இல்லை, ஒத்துக்கறேன். லட்சக்கணக்கான வாய்க்குக் கடல் தாண்டிக் கோதுமை வரணுமே! கி.பி. 42-ல் கிளாடியஸ் பேரரசர், ஆற்றுவாய்க்கு 3 கிலோமீட்டர் வடக்கே புதுத் துறைமுகம் தொடங்கினார். பரப்பு ஏறக்குறைய 200 ஹெக்டேர், அதாவது சுமார் 500 ஏக்கர்! ஆற்றோடு சேர்க்கக் கால்வாயும் வெட்டினார். ரோமை வெள்ள அபாயத்திலிருந்து காத்துட்டோம்னு கி.பி. 46-ல் கல்வெட்டும் வச்சார்.

கல்வெட்டை எல்லோரும் படிச்சாங்க, காத்து படிக்கலையே! கி.பி. 62-ல் அடிச்ச புயலிலே, துறைமுகத்துக்குள்ளேயே நின்ன சுமார் 200 கப்பல்கள் அழிஞ்சுதுன்னு டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

அடுத்து வந்த டிராஜன் விடலை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, இன்னும் உள்ளே தள்ளி, அறுகோண வடிவிலே ஒரு துறை வெட்டினார். ஒவ்வொரு பக்கமும் 350 மீட்டருக்கு மேலே! சபாஷ்! அந்த அறுகோணத்திலே இன்னிக்கும் தண்ணி நிக்குது. ஆனா கப்பல்தான் வரலை.

ஏன் வரலை? டைபர் வண்டலைப் போட்டுப் போட்டுக் கடலையே தள்ளி வச்சிட்டுது. இன்னிக்கு ஆஸ்டியா இடிபாட்டிலே நின்னா, கடல் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரம். 1557 வெள்ளத்திலே ஆறு ஆஸ்டியா பக்கத்து வளைவையே விட்டுட்டு வேற வழியிலே போயிட்டுது. கிளாடியஸ் துறைமுகப் பக்கம் இப்போ ரோமின் விமான நிலையம். 1950-களின் கடைசியிலே அதைக் கட்டத் தோண்டினப்போ, மண்ணுக்குள்ளே மரக்கப்பல்கள் கிடைச்சுது. கப்பல் நின்ன இடத்திலே விமானம் நிக்குதய்யா! (சிரிப்பு, கைதட்டல்)

மனித முயற்சியை நான் குறைச்சுச் சொல்லலை. துறைமுகத்தைக் கட்டினவன் மனிதன்தான். ஆனா அதுக்கு ஆயுசு எழுதினது ஆறு. ஆற்றோட குணம் தெரிஞ்சு, விடாம தூர் வாருகிறவரைக்கும்தான் மனுசனோட கெட்டிக்காரத்தனம் நிக்கும். வாருவதை நிறுத்தினா, ஆறு தன் கணக்கைத் தானே தீர்த்துக்கும்.

ஆகவே, ஊர் வாழ்வது ஆற்றின் தயவாலேயே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.