தாதியரும் தகைவும்

இயற்பியல் பாடத்தில் 'தகைவு', 'திரிபு' என்னும் இரு சொற்களை நீங்கள் படித்திருப்பீர்கள். கம்பியொன்றில் எடையைத் தொங்கவிட்டால் அது நீள்கிறது. அப்போது கம்பியின் ஓரலகு பரப்பில் எழும் மீள்விசை தகைவு. கம்பிக்கு நேரும் மாறுதல் திரிபு. எடையை எடுத்துவிட்டால் கம்பி பழைய நிலைக்கு வந்துவிடும். மீட்சி எல்லையைக் கடந்துவிட்டதோ, வராது.

உலோகத்துக்குரிய இச்சொல்லை மனித உடலுக்கு எடுத்துவந்தவர்களுள் முதன்மையானவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் எலிகளை வைத்துச் சோதனை செய்த அவர், 1936-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு, அளவு மீறிய உழைப்பு என்று துன்பம் எதுவாயினும் எலியின் உடல் காட்டிய அறிகுறிகள் ஒன்றாகவே இருந்தன: அட்ரினல் சுரப்பியின் புறணி பருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் உண்டாயிற்று. இந்நிலைக்கு அவர் பின்னர் இட்ட பெயரே 'ஸ்டிரெஸ்', அதாவது தகைவு. ஆங்கிலம் தமக்குத் தாய்மொழியாக இருந்திருந்தால் 'திரிபு' என்றே பெயரிட்டிருப்பேன் என்ற கருத்தைப் பிற்காலத்தில் அவரே வெளியிட்டார். பௌதிக மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்.

இனி வேலூருக்கு வருவோம். வேலூரிலிருந்து இராணிப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது சத்துவாச்சாரி. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்குமிடம்; 2011-இல் வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. காலை வேளையில் அங்கே பேருந்து நிறுத்தத்தில் சற்று நின்று பாருங்கள். தோல் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் போகும் பெண்கள் ஒருபுறம். இரவுப் பணி முடிந்து கண்கள் சிவக்க வந்திறங்கும் நர்சுகள் மறுபுறம். அந்த நர்சுகளின் தொழிலுக்கு இவ்வூர்ப் பக்கத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1900-இல் ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. படுக்கைகள் வந்தனவே தவிர, நோயாளியைப் பார்த்துக்கொள்ளக் கைகள் வேண்டுமே! 1909-இல் டெலியா ஹௌட்டன் என்ற தாதி வந்து நர்சுப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

அன்று அப்பள்ளியில் சேர்ந்த பெண் எதையெல்லாம் சுமந்தாள் என்று எண்ணிப் பாருங்கள். இரத்தமும் சீழும் மலமும் தொட வேண்டிய வேலை. பிற சாதியாரைத் தொட வேண்டிய வேலை. இரவில் வீட்டுக்கு வெளியே தங்க வேண்டிய வேலை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்ற கேள்வியே பலரை வாசலிலேயே நிறுத்தியது. நாடெங்கும் இப்பணிக்குத் தொடக்கத்தில் வந்தவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே. 1946-இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, நாட்டில் சுமார் 7,000 நர்சுகளே உள்ளனர் என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற விகிதமே நிலவுகிறது என்றும் கணக்கிட்டது.

அதே 1946-இல் வேலூரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நர்சிங் பட்டப் படிப்பு தொடங்கிற்று. தில்லியிலும் அவ்வாண்டே தொடங்கியது. நாட்டின் முதல் இரண்டு நர்சிங் கல்லூரிகள் இவையே. இதைப் பட்டம் வழங்கும் விழாச் செய்தியாக மட்டும் கருதக் கூடாது. அதுவரை பயிற்சி பெறும் பெண் மருத்துவமனைக்குக் குறைந்த செலவில் கிடைத்த வேலைக்காரி; படிப்பு, வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில்தான். பல்கலைக்கழகம் வந்தபின் அவள் முதலில் மாணவி என்ற எண்ணம் பிறந்தது.

மாணவியை வேலைக்காரியாக வைத்தால் என்ன நேரும் என்பதை இலண்டனில் ஒருவர் ஆராய்ந்தார். இசபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளரை ஒரு பெரிய மருத்துவமனை அழைத்தது. அங்கிருந்த சுமார் 700 நர்சுகளில் 150 பேரே பயிற்சி முடித்தவர்கள், மற்றவர் மாணவியர். மாணவியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இடையிலேயே படிப்பை விட்டுப் போய்க்கொண்டிருந்தனர்.

மென்ஸீஸ் கண்டது இது. வலியையும் சாவையும் அன்றாடம் பார்க்கும் அச்சத்திலிருந்து நர்சுகளைக் காக்க, மருத்துவமனை தானறியாமலே சில வழக்கங்களை வளர்த்திருந்தது. ஒரு மாணவி எல்லா நோயாளிக்கும் காய்ச்சல் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லாருக்கும் படுக்கை விரிப்பாள்; எவரும் ஒரு நோயாளியோடு நெடுநேரம் இருப்பதில்லை. நோயாளிக்குப் பெயரில்லை, அவர் 'பத்தாம் கட்டில் ஈரல்'. மாணவியரை அடிக்கடி கூடம் விட்டுக் கூடம் மாற்றுவார்கள். தூங்குகிறவரை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுத்ததும் உண்டாம்! பற்று வைத்தால்தானே பிரிவு துன்பம்? ஆகவே பற்று வைக்க வழியே இல்லாமல் செய்தார்கள். ஆனால் ஒருவரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பும் நிறைவும் அதனால் போயிற்று. துயரத்தைத் தடுக்கக் கட்டிய சுவர் மகிழ்ச்சியையும் தடுத்தது. முதிர்ச்சியுள்ள மாணவியரும் விட்டுப்போனவர்களில் இருந்தனர். 1960-இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படிக்கும்போது, ஓடிப்போனவர்களைக் 'கோழை' என்று ஏசியது எவ்வளவு அநியாயம் என்று தோன்றுகிறது.

இரவுப் பணி தனிக் கதை. உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. விடியற்காலை நான்கு மணியளவில் உடல் வெப்பம் தாழ்ந்திருக்கும். பிறகு கார்ட்டிசால் என்னும் அட்ரினல் சுரப்பு நீர் உயர்ந்து நம்மை விழிப்பூட்டும். நர்சு படுக்கப் போவது ஏறக்குறைய அந்த நேரத்திலே. அவள் உறக்கம் கலைவது மனவுறுதிக் குறைவால் அன்று.

1984-இல் லாசரஸ், ஃபோக்மன் என்ற இரு அமெரிக்க உளவியலார் சமாளிக்கும் வழிகளை இரண்டாகப் பிரித்தனர். சிக்கலையே மாற்ற முயல்வது ஒன்று: பணிப்பட்டியலை மாற்றக் கேட்கிறாள், தெரியாத ஊசியை மூத்த நர்சிடம் கற்றுக்கொள்கிறாள். தன் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வது மற்றொன்று: விடுதி அறையில் தோழியிடம் அழுகிறாள், செபிக்கிறாள், பாடுகிறாள். மாற்ற முடியாத சாவின் முன் இரண்டாவது வழியே கைகொடுக்கும். மாற்றக்கூடிய பணிநேரத்துக்கு அதை மட்டும் மருந்தாகச் சொல்லுவது, எடையைக் குறைக்காமல் கம்பிக்கு எண்ணெய் பூசுவது போலத்தான்.

எடையைக் குறைக்கும் பேச்சும் பழையதே. சென்னை மாநிலச் சுகாதார அமைச்சராயிருந்த ஏ. பி. ஷெட்டியின் தலைமையில் ஒரு குழு 1954-இல் நர்சுகளின் பணி நிலைமைகளை ஆராய்ந்தது. 1987-இல் அமைந்த உயர்நிலைக் குழுவில் தலைமை வகித்த சமூக ஊழியர் சரோஜினி வரதப்பனும் தமிழ்நாட்டவரே. வாரத்துக்கு 40 மணி நேர வேலையை அக்குழு பரிந்துரைத்தது. 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம், வேலையால் வரும் ஓய்ந்துபோதலை நோய் என்று சொல்லாமல், பணியிடத் தகைவைச் சரிவரக் கையாளாததால் விளையும் நிலை என்று வரையறுத்தது.

பணியைத் துண்டு துண்டாகப் பங்கிடாமல் சில நோயாளிகளை முழுமையாக ஒரே நர்சிடம் ஒப்படைக்கும் முறையை இன்று கல்லூரிகள் கற்பிக்கின்றன. அதற்குக் கைகள் வேண்டும். கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்சு, மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நாற்பது கட்டிலுள்ள கூடத்தில் இரவு முழுதும் தனியாக நிற்கும் நர்சால், கல்லூரியில் படித்த அந்த முறையைச் செய்து காட்ட முடியாது.