கொடுவாவின் மரபணுத்தொகுதியும் நோய் எதிர்ப்பாற்றலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆறுகள் கடலைத் தொடும் கழிமுகங்கள் கொடுவா மீனுக்கு உகந்த இடங்கள். உப்பு நீரில் முட்டையிட்டு, நன்னீர் தேடி ஆற்றுக்குள்ளும் ஏறிவரும் மீன் அது. விலை அதிகம்; வளர்ப்பவர்களுக்கு லாபமும் உண்டு. ஆனால் பொரிப்பகத்தில் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் சாவதுதான் நீண்ட காலத் துயரம்.

அந்தச் சாவைத் தடுக்க மீனின் எதிர்ப்பாற்றலை அறிய வேண்டும்; அதற்கு மரபணுத்தொகுதி உதவும். மீன்களில் முதலில் மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்டது பேத்தை இனத்தைச் சேர்ந்த ஃபுகுவுக்கு. உயிரியலாளர் சிட்னி பிரென்னர் தொடங்கிவைத்த அந்தப் பணி 2002இல் வெளியானது. அந்தத் தொகுதி மனிதனுடையதில் எட்டில் ஒரு பங்குதான். அன்று நோக்கம் மனித மரபணுக்களை இனங்காண்பது. மீனின் நோய் அந்தப் பணியின் கவலையாக இல்லை.

திருப்பம் 2011இல் வந்தது. அட்லாண்டிக் காட் மீனுக்குத் தடுப்பூசி போட்டாலும் குறிப்பிட்ட கிருமிக்கான எதிர்ப்பொருள் சரிவர உருவாவதில்லை என்பது முன்பே தெரியும், காரணம்தான் தெரியவில்லை. ஆஸ்லோ பல்கலைக்கழகக் குழுவினர் அதன் தொகுதியை வாசித்தபோது, கிருமியை அடையாளம் காட்டி எதிர்ப்பொருள் உருவாக உதவுபவை, தாடையுள்ள முதுகெலும்பிகள் அனைத்துக்கும் இன்றியமையாதவை என்று பாடநூல்கள் சொல்லிவந்த எம்எச்சி 2 மரபணுக்களே அதில் இல்லை. அவற்றோடு இணைந்து இயங்கும் சிடி4 மரபணுவும் செயலிழந்திருந்தது. ஆயினும் காட் கடலில் நலமாக வாழ்கிறது. அதே குடும்பத்தின் எம்எச்சி 1 மரபணுக்கள் அதில் பெருகிக் கிடக்கின்றன. ஓர் உயிரில் கண்டதை இன்னோர் உயிருக்குப் பொருத்திப் பார்ப்பது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 66 மீனினங்களை ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு, இந்த இழப்பு காட் வரிசையின் பொது மூதாதையிலேயே நேர்ந்தது என்று காட்டியது.

காட் இழந்த அந்த மரபணுக்கள் கொடுவாவில் இருக்கின்றன. ஆகவே எதிர்ப்பொருளை நம்பித் தடுப்பூசி தயாரிக்க இடமுண்டு. அதன் தொகுதியும் 2016இலேயே சிங்கப்பூரின் டெமாசெக் ஆய்வகத்தின் தலைமையில் 24 குரோமோசோம்களாக ஒழுங்குபடுத்தி வெளியிடப்பட்டது. பல நாட்டுக் கடல்களில் பிடித்த 61 மீன்களின் தொகுதிகளையும் அந்த ஆய்வாளர்கள் வாசித்தார்கள். இந்தியப் பகுதி, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூகினியும் என மீன்கள் மூன்று கூட்டங்களாகப் பிரிந்தன. நம் கொடுவா தனிக் கூட்டம் என்பதால், என் பார்வையில் நமக்கு மிக முக்கியமான முடிவு இதுதான்.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமான சிபா, 1997இல் முட்டுக்காட்டில் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்தது. குஞ்சுகளின் மூளையையும் கண்ணையும் தாக்கும் நோடா வைரஸ் இந்தியப் பொரிப்பகத்தில் இருப்பதை 2005இல் வெளியான ஆய்வு முதன்முதலாகப் பதிவுசெய்தது. குஞ்சுகளின் எதிர்ப்பு மண்டலம் முதிருமுன்பே இந்த வைரஸ் தாக்கிவிடுகிறது. தாய்மீனிடமிருந்து முட்டை வழியாகவும் பரவுகிறது. அதனால் தாய்மீனைக் காப்பதே முதல் வேலை. நோடாவாக்-ஆர் என்ற தடுப்பூசியைச் சிபாவே உருவாக்கியிருக்கிறது.

தடுப்பூசியோடு மட்டும் நின்றுவிடக் கூடாது. வெளிநாட்டுக் குஞ்சுகளை இறக்கி நம் கூட்டத்தோடு கலக்கும்முன், பழவேற்காடு முதல் மன்னார் வளைகுடா வரையுள்ள நம் கொடுவாக்களின் எதிர்ப்பு மரபணுக்களை வாசித்துப் பதிவுசெய்ய மாநில அரசும் சிபாவும் முன்வர வேண்டும்.