வாரிசுச் சான்றும் கொழுப்புத் தோணியும்



போன வாரம் காலை நடை முடிந்து அரண்மனைப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நண்பர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து இரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்து நீட்டினார். "எல்.டி.எல். என்று போட்டு வட்டம் போட்டிருக்கிறார்களே, அது என்ன சார்?" என்றார். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைவிடப் பழைய கடன் ஒன்றும் எனக்கு இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தாலுகா அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தபோது வாரிசுச் சான்றுக் கோப்புகள் சில வருடங்கள் என் மேஜையில் இருந்தன. ஒரு நாள் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு பெண் மனுவோடு வந்தார். கணவருக்கு வயது 38. நாட்டுப்படகில் போகிறவர், ஒல்லியான ஆள், பீடி கூடக் குடிக்காதவர். வலையை இழுத்துக் கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். அவருடைய அப்பாவும் 43 வயதில் அப்படியே போயிருந்தார். அந்தக் குறிப்பிலும் என் கையெழுத்துதான் இருந்தது.

அந்த அம்மா வெளியே போனதும், "எல்லாம் தின்ற கொழுப்பு" என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனின் முழங்கையிலும் குதிகாலிலும் மஞ்சள் மஞ்சளாகக் கட்டிகள் இருந்ததைப் பார்த்தும், ஏதோ சிரங்கு என்று விட்டுவிட்டேன். அப்பாவும் அம்மாவும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

நான் பிரெஞ்சு வழியில் பள்ளிப்படிப்பு படித்தவன். ஓய்வுக்குப் பிறகு பழைய பாஷை மறக்காமல் இருக்கட்டும் என்று பிரெஞ்சில் கிடைத்ததை எல்லாம் படிக்கிறேன். அப்படித்தான் கொலஸ்ட்ரால் என்ற பெயரை வைத்தவரே ஒரு பிரெஞ்சுக்காரர் என்று தெரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் பித்தக் கற்களில் ஒரு வெள்ளைப் பொருளைக் கண்டிருந்தார்கள். 1815ஐ ஒட்டி மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் அதற்கு 'கொலஸ்தெரின்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் கோலே என்றால் பித்தம், ஸ்டெரியோஸ் என்றால் கெட்டி. அவரே 102 வயது வாழ்ந்தார்!

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நம் வீட்டுச் சமையலறையிலேயே தெரியும். இரத்தம் பெரும்பாலும் தண்ணீர். அதில் கொழுப்பு எப்படிப் பயணம் போகிறது? 1929இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் மிஷெல் மாஷ்பேஃப் என்பவர் குதிரையின் இரத்தத்தில் ஆராய்ந்து, கொழுப்பு தனியாகப் போவதில்லை, புரதத்தோடு சேர்ந்தே போகிறது என்று காட்டினார். இவர் பெயரைப் பிரித்தால் 'மாட்டை மெல்' என்று வரும். கொழுப்பு ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 1950 வாக்கில் அமெரிக்காவில் ஜான் காஃப்மன் அதிவேகச் சுழல் எந்திரத்தில் இந்தத் துகள்களை வகைவகையாகப் பிரித்தார். அதில் ஒரு வகைதான் நண்பரின் காகிதத்தில் இருந்த எல்.டி.எல்.

இதை ஒரு சரக்குத் தோணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்பனிலும் தூத்துக்குடியிலும் தோணி பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே சுமார் 1,500 கொலஸ்ட்ரால் மூட்டைகள். மேலே ஒரே ஒரு பெரிய புரதம் சுற்றியிருக்கும். அந்தப் புரதம்தான் தோணியின் அடையாளம். சரக்கும் கெட்ட சரக்கு அல்ல. உடம்பில் ஒவ்வொரு செல்லின் சுவருக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும். கேள்வி ஒன்றுதான். தோணி எங்கே கரை பிடிக்கிறது?

அதற்கு விடை தேட வைத்தது ஒரு குடும்ப நோய். 1938இல் நார்வே நாட்டு டாக்டர் கார்ல் முல்லர் 17 குடும்பங்களைப் பற்றி எழுதினார். தோலிலும் தசைநார்களிலும் மஞ்சள் கட்டி, இரத்தத்தில் அதிகக் கொலஸ்ட்ரால், இள வயதில் இதய நோய். மூன்றும் ஒன்றாகப் பரம்பரையில் இறங்கின. நம் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே 1964இல், லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் கச்சதூரியன் என்ற டாக்டர் இன்னொன்றைக் கண்டார். அங்கேயும் நம் ஊர் மாதிரி சொந்தத்துக்குள் கல்யாணம் உண்டு. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் கோளாறு வந்தால் நடுவயதில் ஆபத்து. இருவரிடமிருந்தும் வந்தால் சிறு பிள்ளையிலேயே கட்டி, சிறு வயதிலேயே மாரடைப்பு.

டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளின் தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். சாதாரண செல்லுக்கு எல்.டி.எல். கொடுத்தால் அது தானாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது. நோயாளியின் செல் நிறுத்தவே இல்லை. சரக்கு வந்ததே அதற்குத் தெரியவில்லை. கச்சத்தீவு ஒப்பந்தம் ஆன 1974இல், எல்.டி.எல்.லுக்குக் கதிரியக்க அயோடின் அடையாளம் இட்டுப் பார்த்தார்கள். சாதாரண செல்லின் மேற்பரப்பில் அது இறுகப் பிடித்துக்கொண்டது. நோயாளியின் செல்லில் பிடிக்கவில்லை. பிடித்து வைக்கும் அந்தப் புரதத்துக்குப் பாடநூல்களில் 'ஏற்பி' என்று பெயர். நான் துறை என்றே சொல்கிறேன். நோயாளியிடம் தோணியில் குற்றமில்லை, துறைதான் இல்லை.

துறை எப்படித் தோணியைப் பிடிக்கிறது? ஏற்பியின் முனையில் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஏழு மடிப்புகள். அவற்றில் எதிர்மின்னூட்டம். தோணியின் புரதத்தில் ஓரிடத்தில் நேர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். பிறகு அந்த இடம் குழியாகி, தோணியும் துறையுமாக உள்ளே போகும். உள்ளே புளிப்புத் தன்மை கூடியதும் பிடி விடும். தோணி உடைக்கப்பட்டுச் சரக்கு இறங்கும். துறை சுமார் பத்து நிமிடத்தில் மேலே திரும்பி அடுத்த தோணிக்குக் காத்திருக்கும். ஒரு நோயாளியின் செல்லில் தோணி பிடிபட்டும் உள்ளே போகவில்லை. துறைகள் குழிக்குள் கூடாமல் சிதறிக் கிடந்தன. பிடிப்பது ஒரு வேலை, உள்ளே இழுப்பது வேறு வேலை என்று அதிலிருந்துதான் புரிந்தது.

இந்தத் துறைகளில் பெரும்பகுதி கல்லீரலில் இருக்கின்றன. 1984இல் அமெரிக்காவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றினார்கள். ஆயிரத்தைத் தாண்டியிருந்த அவளுடைய கொலஸ்ட்ரால் முந்நூறுக்குக் கீழே இறங்கியது. அடுத்த வருடம், 1985இல், பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு.

பலருடைய மருந்துப் பெட்டியில் இருக்கும் ஸ்டேட்டின் மாத்திரையின் வேலையும் இதுதான். ஜப்பானின் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து முதலில் எடுத்தது. கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அது குறைக்கும். வீட்டில் சரக்குத் தட்டினால் என்ன செய்வோம்? கல்லீரலும் அதிகத் துறை கட்டி, இரத்தத்தில் அலையும் தோணிகளை இழுத்துக்கொள்ளும். இந்த வகையில் முதல் மருந்துக்கு 1987இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் நமக்குப் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது. 2003இல் பாரிஸில் கதரின் புவாலோவும் லெபனானிலிருந்து வந்த மரியான் அபிஃபடெலும் மற்ற ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, இதே நோய் உள்ள பிரெஞ்சுக் குடும்பங்களில் வேறொரு மரபணுக் கோளாறைக் கண்டார்கள். அது தரும் புரதம் துறைகளை அழிக்கிறது. அதைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015இல் வந்தன.

இப்போது அந்த மீனவர் குடும்பத்துக்கு வருகிறேன். அவர்களுக்கு இருந்தது இதே நோய்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அடையாளங்கள் அத்தனையும் பொருந்துகின்றன. அது தின்ற கொழுப்பாக இருந்திருக்காது. பிறக்கும்போதே துறை குறைந்து பிறந்த குடும்பமாக இருந்திருக்கும். அந்தப் பையன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. அன்று சிரித்த சிரிப்பு இன்றும் உறுத்துகிறது.

இந்தப் பரம்பரைக் கோளாறு உலகில் சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் நெஞ்சுவலியில் போனவர்கள் வரிசையாக இருந்தாலோ, எல்.டி.எல். 190ஐத் தாண்டினாலோ, பிள்ளைகள் உடம்பில் மஞ்சள் கட்டி தெரிந்தாலோ, டாக்டரிடம் குடும்பக் கதையைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சொந்தத்தில் சம்பந்தம் பேசும் வீடுகளில் ஜாதகத்தோடு இதையும் கேட்பது தப்பில்லை.

டீக்கடை நண்பருக்கு எண் 150தான். அவரிடம் வடையைக் குறைக்கச் சொன்னேன். டாக்டரையும் பார்க்கச் சொன்னேன்.