காத்திருக்காமல் களம் அமைத்தவர்கள்

ஒலிம்பிக் வந்துவிட்டால் நம் வீடுகளில் பேட்மின்டன், ஹாக்கி என்று டிவி ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் மகளிர் வட்டு எறிதலைக் காட்டினால் பலரும் சேனலை மாற்றிவிடுவோம். அடுத்த முறை மாற்றாமல் ஒரு பத்து நிமிடம் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் ஒரு பெண் வந்து நிற்பதற்கே பெரிய போராட்டம் நடந்திருக்கிறது.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். பெண்கள் எறியும் வட்டு ஒரு கிலோ எடை, ஆண்களுடையது இரண்டு கிலோ. எறிபவர் நிற்கும் வட்டத்தின் குறுக்களவு இரண்டரை மீட்டர்தான். அதற்குள்ளேயே உடம்பைச் சுழற்றி, அந்த வேகம் முழுவதையும் விரல் நுனிக்குக் கொண்டுவந்து வட்டை விட வேண்டும். வட்டு தரையில் விழும் முன் கால் வெளியே போனால் அந்த எறி செல்லாது. பலம் மட்டும் இருந்தால் போதாது, நிதானமும் வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் தெ கூபர்தான், பெண்கள் அதில் போட்டியிடுவதை விரும்பவில்லை. டென்னிஸ், நீச்சல் போன்ற சிலவற்றில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. தடகளத்தில் மட்டும் கதவு திறக்கவில்லை. 1919-இல் பிரான்ஸைச் சேர்ந்த அலீஸ் மிலியா என்ற பெண்மணி, பெண்களுக்கும் தடகளப் போட்டிகள் வைக்கும்படி கேட்டார். முடியாது என்று பதில் வந்தது.

மிலியா மறுபடியும் மனு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1921-இல் பெண்களுக்கென்று ஒரு சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பாரிஸில் ‘மகளிர் ஒலிம்பிக்’ என்ற பெயரில் ஒருநாள் போட்டி நடத்தினார். சுமார் 20,000 பேர் பார்க்க வந்தார்கள். ‘ஒலிம்பிக்’ என்ற பெயரைப் பயன்படுத்தியது ஒலிம்பிக் கமிட்டிக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மிலியா அந்தப் பெயரை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் கிடைத்தன.

பெயர் மாறிய ‘மகளிர் உலக விளையாட்டு’ 1926-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் நடந்தது. வட்டு எறிதலில் போலந்தின் ஹாலினா கொனோபாட்ஸ்கா 37.71 மீட்டர் எறிந்து வென்றார். இரண்டாம் இடம், ஜப்பானிலிருந்து தனி ஒருவராக வந்திருந்த கினுவே ஹிட்டோமிக்கு.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். பெண்களுக்குத் தடகளத்தில் கிடைத்தவை ஐந்தே போட்டிகள். இது போதாது என்று பிரிட்டன் வீராங்கனைகள் வரவே மறுத்துவிட்டார்கள். அந்த ஐந்தில் ஒன்று வட்டு எறிதல். ஜூலை 31 அன்று 28 வயது கொனோபாட்ஸ்கா 39.62 மீட்டர் எறிந்தார். அது உலக சாதனை. இரண்டாவதாக வந்த அமெரிக்காவின் லில்லியன் கோப்லண்ட் எறிந்தது 37.08 மீட்டர். சுதந்திரம் பெற்றுப் பத்தே ஆண்டுகளான போலந்துக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது. பெற்றுத் தந்தவர் ஒரு பெண்.

ஆனால் கிடைத்த வாய்ப்பு எவ்வளவு எளிதாகக் கைநழுவும் என்பதையும் அதே ஒலிம்பிக் காட்டியது. ஆகஸ்ட் 2 அன்று பெண்களுக்கான 800 மீட்டர் இறுதி ஓட்டம். ஓடிய ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். முதல் இடம் பிடித்த ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனை படைத்தார். பத்திரிகைகளோ பெண்கள் பாதி வழியில் சுருண்டு விழுந்ததாக எழுதித் தள்ளின. விளைவு, 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள்! குண்டு எறிதல் பெண்களுக்குக் கிடைத்தது 1948-இல். சங்கிலிக் குண்டு எறிதலுக்கு 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வட்டு எறிதல் மட்டும் 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து நடந்து வருகிறது.

கொனோபாட்ஸ்காவின் கதை மைதானத்தோடு முடியவில்லை. அவர் கவிதைத் தொகுப்பும் வெளியிட்டவர். 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தபோது, நாட்டின் மத்திய வங்கியிலிருந்த சுமார் 75 டன் தங்கத்தை எதிரி கையில் சிக்காமல் வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பை ஏற்றவர்களில் ஒருவர், முன்னாள் நிதியமைச்சரான அவருடைய கணவர். தங்கம் ஏற்றிய வாகனங்களில் ஒன்றை கொனோபாட்ஸ்காவே ஓட்டினார். ருமேனியா, துருக்கி என்று சுற்றி அந்தத் தங்கம் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தது. பிறகு அமெரிக்காவில் குடியேறிய அவர் 1989-இல் காலமானார்.

நம் நாட்டுக்கும் இந்த விளையாட்டு பெருமை தந்திருக்கிறது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். வெள்ளி ஹர்வந்த் கவுருக்கு, வெண்கலம் சீமா அன்டிலுக்கு. மூன்று பதக்கமும் நமக்கே! 1958-இல் மில்கா சிங் வென்ற பிறகு, காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்கு 52 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது.

இதையெல்லாம் நம் செய்திமடலில் எழுதக் காரணம் இருக்கிறது. விளையாட்டு விழாவுக்குப் பட்டியல் போடும்போது பையன்களுக்கு கிரிக்கெட், ஓட்டப்பந்தயம் என்று எழுதிவிட்டு, பெண்களுக்கு லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர், கோலப்போட்டி என்று முடித்துவிடுகிறோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பழக்கம்தான். 1919-இல் மிலியாவுக்கு மறுப்புச் சொன்னவர்களும் பழக்கத்தைத்தான் காரணமாகச் சொல்லியிருப்பார்கள். கார் பார்க்கிங்கில் வட்டு எறியச் சொல்லவில்லை, கண்ணாடிகள் தாங்காது! அடுத்த பட்டியலில் பெண் பிள்ளைகளுக்கும் ஓட்டம், தாண்டுதல், பந்து எறிதல் மூன்றையும் சேர்ப்போம். யார் வருவார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், முதலில் பெயர் எழுத ஒரு தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம்.