நாயக்கரும் நாயக்கும்: விளாத்திகுள வட்டாரப் படையினரிடைப் பட்டமும் மதிப்பும் (1799–1806)

தமிழகப் போர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் தளபதிகளையும் கோட்டைகளையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். கடைநிலைப் படைவீரன் தன் மேலோனை எவ்வாறு விளித்தான், எதனைத் தன் மானமாகக் கருதினான் என்பவை பெரும்பாலும் அடிக்குறிப்புகளோடு அமைந்துவிட்டன. நம் இலக்கியமோ இவனை மறந்ததன்று. படைத்தலைவர்க்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் உரியவாயின; பட்டமில்லா வீரனுக்கு நடுகல் உரியதாயிற்று. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பெற்ற தமிழி எழுத்து நடுகல்லொன்று, கூடலூர் ஆகோளிற் பட்ட தீயன் அந்தவன் என்பானைக் குறிக்கின்றது. அவன் எப்பதவியில் இருந்தான் என்பதை அக்கல் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் எழவில்லை போலும்.

இவ்வினாவை ஈண்டு ஒரு சிறு நிலப்பகுதியோடு பொருத்திக் காண முயல்கின்றோம். வைப்பாற்றங்கரையில் அமைந்த விளாத்திகுளத்தைச் சூழ்ந்த கரிசற்காடு பாளையங்கள் செறிந்த நிலம். 1799இல் மேஜர் பானர்மன் படையெடுப்பையடுத்துக் கும்பினியார் ஆறு பாளையங்களைப் பறிமுதல் செய்தனர். பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி ஆகியவை நீங்கலாக, எஞ்சிய நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர் என்னும் மூன்றும் இன்றைய விளாத்திகுளம் வட்டத்தைச் சார்ந்தவை. கும்பினியாரின் துணைவராய் நின்ற எட்டயபுரமும் அண்மையதே. ஆகவே இருதரப்புப் படையினரும் ஒரே நிலத்தார். பல இடங்களில் ஒரே குலத்தாருமாவர்.

பாளையத்துப் படைவீரன் ஊதியப் பட்டாளத்தான் அல்லன். 'கட்டுபடி' என வழங்கிய முறையில், பணிக்கு ஈடாக நிலத்தை நுகர்ந்து, அழைத்தபோது வேலுடன் வந்து நின்ற குடியானவன். அவனுக்கு மேலிருந்த படிகள் மிகச் சில. தன் ஊர்த் தலைவனையும் சேர்வைக்காரரையும் கடந்தால் பாளையக்காரர்தாம். திருவிழாவில் எவர்க்கு முதலிற் பரிவட்டம் கட்டப்படுகிறதோ அவரே போரிலும் முன்னிற்பவர். இதனைக் கலப்பற்ற தமிழ் மரபென்று போற்றுவாரும் உளர். அவர்களோடு நாம் முற்றும் உடன்படுவதற்கில்லை. கட்டபொம்மன் கதைப்பாடல்களில் வெள்ளையத்தேவன் 'பாதர் வெள்ளை' எனப்படுகின்றான். இப் 'பாதர்', முகலாய அரசவையில் வழங்கிய 'பகதூர்' என்னும் பட்டத்தின் திரிபே. கரிசற்காட்டு வீரனும் தில்லிப் பட்டத்தை விரும்பி அணிந்தான் என்பது தெளிவு.

இப்படையின் மதிப்பு முறையை அறியக் கிடைத்த சிறந்த சான்று, பகைவர் ஒருவர் எழுதியது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சிப் போரிற் கலந்துகொண்ட ஜேம்சு வெல்சு, 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் ஊமைத்துரையைப் பற்றி வியந்து கூறுகின்றார். ஊமைத்துரை ஆணையிட்ட முறை தனிப்பட்டது. இடக்கையில் சில துரும்புகளைப் பரப்பி அவற்றை ஆங்கிலப் படையாகக் காட்டுவார். மறுகையால் அவற்றை வாரித் தள்ளி, வாயினால் ஓர் ஒலி எழுப்புவார். அதுவே தாக்குதலுக்குரிய ஆணை. கொம்பும் முரசும் வேண்டாத, எழுத்தும் பேச்சும் இல்லாத இவ்வாணைக்கு ஆயிரக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்தனர்.

1801 மே 24இல் கோட்டை வீழ்ந்தபின் நிகழ்ந்ததாக அவர் கூறும் செய்தி இன்னும் நுட்பமானது. பிணக்குவியலில் மகனைத் தேடிச் சென்ற தாயொருத்தி, குற்றுயிராய்க் கிடந்த அவனைத் தூக்க முயன்றாள். அவனோ, தன்னை விடுத்து, அருகிற் காயமுற்றுக் கிடந்த 'சாமி'யைக் காக்குமாறு வேண்டினான். அச்சாமி ஊமைத்துரையே. பெண்கள் அவரை எடுத்துச் சென்று, தேடிவந்த எட்டயபுர வீரரிடம் அம்மைநோயால் இறந்த சிறுவனின் உடலெனக் கூறித் தப்புவித்தனர். வெல்சு இதனைப் பிறர்வாய்க் கேட்டே எழுதினார் என்பதையும், முப்பதாண்டு இடைவெளியையும் நாம் மறத்தலாகாது. எனினும் அவ்விளியை அவர் புனைந்திருக்க வேண்டுவதில்லை. படைத்தலைவனைப் பதவியாற் சுட்டாது 'சாமி' என விளிப்பது இந்நிலத்து வழக்கே. பிறப்பும் தெய்வமும் உறவும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கின. அதே சொல் ஏற்றத்தின் வாயிலை அடைத்ததும் உண்மை. உயிரீந்த அவ்விளைஞன் எத்துணைப் போர் வென்றாலும் 'சாமி' ஆதல் இயலாது.

கும்பினிப் பட்டாளத்தில் இதற்கு மறுதலையான முறை நிலவியது. சிப்பாய், நாயக், அவில்தார், ஜமேதார், சுபேதார் என ஏணிப்படிகள் அமைந்திருந்தன. இச்சொற்களின் வரலாற்றை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். 'சுபேதார்' என்பவர் முகலாயர் ஆட்சியில் ஒரு மாகாணத்தையே ஆண்டவர். கும்பினியிலோ ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் கொண்ட குழுவின் தலைவர். விசயநகரத்தில் 'நாயகர்' என்பார் நாடு பெற்ற பெருந்தலைவர். மதுரையை ஆண்டோர் அப்பெயரினர். நாகலாபுரத்தும் காடல்குடியிலும் பாளையம் பெற்றோரும் 'நாயக்கர்' என்றே வழங்கப்பெற்றனர். அவ்வடசொல்லே பட்டாளத்தில் சிப்பாய்க்கு ஒருபடி மேலான 'நாயக்' ஆயிற்று. பாளையக்காரரின் கோட்டையை இடித்தவர்கள், அவர்தம் பட்டப்பெயரைச் சில சிப்பாய்களை மேய்க்கும் சிற்றதிகாரிக்கு முன்னரே வழங்கியிருந்தனர். இதனைத் திட்டமிட்ட இழிவென்று கூற நாம் துணியோம். வடநாட்டுப் படைச்சொற்களை அவர்கள் கிடைத்தவாறே எடுத்தாண்டனர். ஆயினும் தம் தலைவரை நாயக்கர் என்றறிந்த வீரர் செவியில் இச்சொல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பது எண்ணத்தக்கது.

இவ்வேணியில் ஏறியோரும் இருந்தனர். இராமநாதபுரத்துப் பனையூரினர் எனப்படும் யூசுப்கான் எளிய சிப்பாயாகத் தொடங்கிக் கும்பினிச் சிப்பாய்களின் கமாண்டராகவும், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சியாளராகவும் உயர்ந்தார். பாளையத்தில் இது கனவிலும் நிகழாதது. அதற்குமேற் படியில்லை என்பதை அவர் ஏற்க மறுத்தபோது, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவர் காலத்துக்குப்பின் சுபேதாரும் இளம் ஆங்கில அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவராகவே இருந்தார்.

பாளையங்கள் அழிந்தபின் அவற்றின் வீரர் யாவரும் ஏர்பிடிக்கச் செல்லவில்லை. 1806இல் வேலூர்க் கோட்டையிலிருந்த 23ஆம் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளத்தில் திருநெல்வேலிச் சீமையார் மிகுதியாக இருந்தனர் என்றும், அவருட் சிலர் ஒடுக்கப்பட்ட பாளையக்காரரிடம் பணிபுரிந்தோர் என்றும் படை வரலாறு கூறும். துரும்பசைவுக்கு ஆணை ஏற்றுப் பழகிய நிலத்தார், இப்போது நாயக்கின் குரலுக்கு நடைபயின்றனர். அந்நிலையிற்றான் புதிய ஆணை வந்தது: நெற்றிக்குறி கூடாது; காதணி கூடாது; தாடை மழிக்கப்படல் வேண்டும்; தோற்சின்னம் பதித்த புதுத் தலைப்பாகை அணிதல் வேண்டும். பரிவட்டம் கட்டும் தலையில் ஐரோப்பியத் தொப்பியை ஒத்ததொன்றை ஏற்றுதல், இச்சீமையார்க்கு வெறும் உடைமாற்றமாகத் தோன்றியிராது.

சூன் திங்களில் முஸ்தபா பெய்க் என்னும் சிப்பாய், சதி உருவாவதைத் தன் தளபதி கர்னல் போர்ப்சிடம் நேரே சென்று தெரிவித்தான். போர்ப்சு படைமுறையினின்றும் வழுவவில்லை. கீழோன் சொல்லை அவனுக்கு மேலோர் ஆய்தல் வேண்டுமென, இந்திய அதிகாரிகள் குழுவிடம் அதனை ஒப்படைத்தார். அக்குழுவினரோ சதியை அறிந்தவர். சிப்பாய்க்குப் பித்தேறிவிட்டதென அவர்கள் முடிவுரைக்க, அவன் விலங்கிடப்பட்டான். சூலை 10 விடியுமுன் கோட்டை சிப்பாய்கள் கைப்பட்டது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெசுப்பியின் குதிரைப்படை வந்து அன்றே அதனை மீட்டது. தலைப்பாகை ஆணை நீக்கப்பெற்றது; ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திருப்பியழைக்கப்பட்டனர். முஸ்தபா பெய்க்குக்குப் பரிசு வழங்கிய கும்பினியார், அவனுக்குரிய ஓய்வூதியத்தைச் சுபேதார் நிலையில் வைத்து அளித்தனர்.