பணியும் பட்டமும்: வேலை செய்துகொண்டே கற்றோரின் வரலாறு



காஜாங்கில் நின்றுகொண்டு உயர்கல்வியைப் பற்றிப் பேசும்போது ஒரு முரண் கண்ணில் படாமல் போகாது. பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. செமினியில் நோட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் இருக்கிறது. நகரை ஒட்டித் தெனாகா நேஷனல் பல்கலைக்கழகமும், சீனச் சமூகம் தன் முயற்சியால் எழுப்பிய நியூ இரா பல்கலைக்கழகக் கல்லூரியும் இருக்கின்றன. இத்தனை கல்விக்கூடங்களுக்கு நடுவே வாழ்ந்தும், அவற்றின் வாயிலைப் பேருந்துச் சன்னல் வழியாக மட்டும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய் வருவோர் இவ்வூரில் பலர். 

முன்பொரு கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பாலர் பள்ளி ஒன்றில் உதவியாளராகப் பணிபுரியும் பெண்மணி ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: “ஐயா, எஸ்.பி.எம். வரைதான் படித்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். வேலையை விட முடியாது. பட்டப்படிப்பு நெகிழ்வானது, எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று எல்லா விளம்பரங்களும் சொல்கின்றன. எதை நம்பிச் சேர்வது?”

அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அந்த வரலாற்றை அறிந்தால் விடையைத் தேடுவது எளிது என்பதும் பின்னரே தெளிந்தன. இன்றைய உரை அந்த விடையின் திருத்திய வடிவம் என்று கொள்க.

பணிபுரிந்துகொண்டே கற்பது நம் காலத்துப் புதுமை அன்று. 1858ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகம் புதிய சாசனம் ஒன்றின் வழியாகத் தன் தேர்வுகளை வெளியாருக்கும் திறந்துவிட்டது. லண்டனுக்குப் போகாமலே, தாம் வாழும் இடத்தில் தாமே படித்துத் தேர்வெழுதி, அப்பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெற வழி பிறந்தது. தமிழ்நிலத்திலும் இதையொத்த ஓர் ஏற்பாடு தோன்றியது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், ஒருவர் எங்கே, யாரிடம் கற்றார் என்று பாராமல், தேர்வின் வழியே புலமைக்குச் சான்று வழங்கியது.

இவ்விரு வழிகளிலும் நடந்து வென்ற ஒருவர் நமக்கு நன்கு அறிமுகமானவர். இலங்கையின் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், பின்னாளில் விபுலானந்த அடிகள். அவர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார். யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தவாறே தாமே படித்து 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டத்தையும் பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். வகுப்பு நடத்திக்கொண்டே அறிவியல் படித்த ஓர் ஆசிரியரிடமிருந்துதான் ‘யாழ் நூல்’ பிறந்தது.

இத்தகைய சான்றுகளைச் சொல்லி மாணவரை ஊக்குவிப்பது மேடை வழக்கம். நானும் பலமுறை அவ்வாறு செய்ததுண்டு. ஆனால் வரலாற்றாசிரியன் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். அந்தத் தேர்வுமுறை, கற்பவருக்கு இடத்தையும் காலத்தையும் விட்டுக்கொடுத்தது உண்மை. அதற்கப்பால் ஏதும் கொடுக்கவில்லை. பாடம் சொல்ல ஆளில்லை. ஐயம் தீர்க்க ஆளில்லை. தேறினால் பட்டம், தவறினால் மௌனம். அவ்வழியில் வென்ற மேதையரின் பெயர்கள் நமக்குத் தெரியும். தனியே படித்துத் தளர்ந்து பாதியில் நின்றோரை எந்த நூலும் குறித்து வைக்கவில்லை.

மலாயாவுக்கு வருவோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பள்ளிகள் பெருகின, பயிற்சி பெற்ற ஆசிரியர் பெருகவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பிரம்பை ஏந்தி ஆசிரியரான கதைகளை மூத்தோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். மலாய் ஆசிரியர்களுக்குத் தஞ்சோங் மாலிமில் 1922இலேயே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. தமிழாசிரியர்களுக்கு வாய்த்தது ‘நார்மல்’ வகுப்பு. வார நாளில் பாடம் நடத்தியவர் வார இறுதியில் தாமே மாணவராகப் பலகையில் அமர்ந்தார். அது பட்டப்படிப்பு அன்று. ஆயினும் இந்நாட்டுத் தமிழரிடையே பணியிடைக் கல்வி என்பதன் தொடக்க வடிவங்களில் ஒன்று என்று அதைக் கொள்ளலாம். ஒரு தலைமுறைத் தமிழ்ப்பள்ளிகள் அந்தச் சனிக்கிழமைகளின் மேல் நின்றன.

1949 அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1956இல் அதில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதித் திரட்டு நாமனைவரும் அறிந்தது. தோட்டத் தொழிலாளரும் நகரத்துக் கூலிகளும் சிறு சிறு தொகையாக அள்ளிக் கொடுத்தனர். அந்தப் பணத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் எழுவதுண்டு. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அப்பல்கலைக்கழகத்தின் மாணவராக முடியாதவர்கள். அது பகல்நேரக் கல்விக்கூடம். அவர்களின் பகல் பால்மரத்துக்கு உரியது. தம்முடைய பிள்ளைகளுக்காகவும் மொழிக்காகவும் கொடுத்தார்கள். தமக்காகக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்பதற்கு அன்று ஒரு வாயில் இல்லை.

அவ்வாயில் திறந்த ஆண்டு 1971. அவ்வாண்டு சனவரியில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. அதே ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அப்போது அங்கே துணைவேந்தர் பொறுப்பேற்றிருந்தவர் டாக்டர் மு. வரதராசன். திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். தனியே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறியவர். பள்ளியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே பி.ஓ.எல். முடித்தவர்; 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றவர். வேலை செய்துகொண்டே கற்பதன் அருமையை அறிந்த ஒருவர் தலைமையேற்ற காலத்தில் அந்நிறுவனம் அஞ்சலில் பாடம் அனுப்பியது என்பது எனக்கு வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை.

நம் நாட்டில் அதே 1971இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வளாகத்துக்கு வெளியே கற்கும் திட்டத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழகமே தோன்றி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. மலேசியாவில் தொலைக்கல்விக்கு இதுவே முதற்படி. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தங்கள் ஊரில் இருந்தவாறே அஞ்சலில் பாடநூல் பெற்றுப் படித்தார்கள்; ஆண்டுக்கொருமுறை மிண்டன் வளாகத்துக்குச் சென்று சில வாரத் தீவிரப் பயிற்சியில் கலந்துகொண்டார்கள்.

ஆனால் அத்திட்டத்தில் ஒரு விதி இருந்தது. இறுதி ஆண்டை முழுநேர மாணவராக வளாகத்திலேயே கழிக்க வேண்டும். இவ்விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வளாகத்தில் வாழாதவர் முழுமையான பட்டதாரி ஆகார் என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது. வெளியே படித்த பட்டம் தாழ்ந்தது என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்ற நல்லெண்ணமும் இதற்குள் இருந்திருக்கும். ஆனால் உலு லங்காட்டில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் விளக்கடியில் படித்தாகிவிட்டது. இப்போது ஓராண்டு விடுப்பு வேண்டும். வீட்டு வாடகை யார் தருவது? முதிய பெற்றோரை யார் பார்ப்பது? ஒவ்வோர் ஆண்டும் வளைந்து கொடுத்த திட்டம், கடைசிப் படியில் நிமிர்ந்து நின்றுவிட்டது. பின்னாளில் அவ்விதி நீக்கப்பட்டு, முழுவதும் வெளியிலிருந்தே கற்கும் நிலை வந்தது. ஆனால் அந்த விதி நமக்கு ஓர் அளவுகோலை விட்டுச் சென்றிருக்கிறது. ஒரு படிப்பு எவ்வளவு நெகிழ்வானது என்று கேட்பதைவிட, அது எந்த இடத்தில் வளைய மறுக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது.

அத்திட்டத்தில் பணியாற்றியவர்களுள் ஒருவர் கஜராஜ் தனராஜன். பினாங்கில் பெற்ற அனுபவத்தோடு ஹாங்காங்கின் திறந்தநிலைக் கல்வி நிறுவனத்துக்குத் தலைமையேற்று, 1995 முதல் 2004 வரை காமன்வெல்த் கல்வி அமைப்பின் தலைவராக இருந்து, பின்னர் தாயகம் திரும்பிப் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். உலகத் தொலைக்கல்வி வரலாற்றில் ஒரு மலேசிய இந்தியருக்கு இத்தகைய இடம் உண்டு என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. பாடநூலில் இடம்பெறத் தக்க பெயர்.

அதற்கு முன்பே, 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம் வழிவிட, 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு 753 மாணவரோடு அது வகுப்புகளைத் தொடங்கியது. கல்வி அமைச்சு பட்டம் பெறாத ஆசிரியர்களைப் பட்டதாரிகளாக்கும் திட்டத்தை முன்னெடுத்தபோது, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலர் வார இறுதியில் மீண்டும் மாணவராயினர். நார்மல் வகுப்பின் பேரப்பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்லத் தோன்றுகிறது.

இனி அந்தப் பெண்மணியின் கேள்விக்கு வருகிறேன். எஸ்.பி.எம். மட்டும் முடித்தவர் என்பதால் அவருக்குக் கதவு மூடியதில்லை. ‘ஏபெல்’ என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் முன் அனுபவக் கற்றல் அங்கீகார முறை இப்போது உண்டு. 21 வயது நிறைந்து, துறைசார்ந்த பணி அனுபவம் உள்ளவர், திறனறி தேர்வின் வழியாகவும் தம் அனுபவத்தைத் தொகுத்துக் காட்டும் ஏட்டின் வழியாகவும் இளங்கலைப் பட்டப்படிப்பில் சேரத் தகுதி பெறலாம். பாலர் பள்ளியில் அவர் செலவிட்ட ஆண்டுகள் அவருடைய சான்றிதழாகின்றன. 1920களின் லண்டன் தேர்வுமுறை இதைச் செய்யவில்லை. 1971ஆம் ஆண்டின் பினாங்குத் திட்டமும் செய்யவில்லை.

நுழைவில் வந்த இந்த நெகிழ்வு பெரிது. ஆயினும் நேரம் என்ற ஒன்றை எந்தச் சட்டமும் நெகிழ்த்த முடியாது. மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். பெருக்கினால் 4,800 மணி நேரம். வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வு ஆயத்தம் யாவும் இதில் அடங்கும். வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு இது ஆறு ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட உழைப்பு. மூன்றே ஆண்டில் முடிக்க வேண்டுமானால் வாரந்தோறும் 30 மணி நேரத்துக்கு மேல் தேவை. அது ஏறத்தாழ இன்னொரு வேலை. ‘ஏபெல்’ முறையிலேயே பணி அனுபவத்துக்காகக் கிரெடிட் விலக்குப் பெறும் பிரிவும் உண்டு. மொத்தத்தில் 30 விழுக்காடு வரை குறையலாம். முழுவதும் கிடைத்தால் 3,360 மணி நேரமாகும். வாரம் 15 மணி நேரத்தில் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல். விளம்பரத் தாளைப் படிக்குமுன் இந்தக் கணக்கைத் தம் வீட்டு நாட்காட்டியின் மேல் போட்டுப் பார்ப்பது நன்று. பிள்ளைகளின் தேர்வு மாதங்கள், தீபாவளிக்கு முந்திய வாரங்கள், மாமியாரின் மருத்துவமனை நாள்கள் எல்லாம் அந்த நாட்காட்டியில்தான் இருக்கின்றன.

அடுத்தது சான்று. எம்.கியூ.ஏ. என்று வழங்கும் மலேசியத் தகுதி முகமை, தான் ஏற்றுக்கொண்ட படிப்புகளைப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேட்டில் வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயர் அதில் இருந்தால் போதாது. சேரவிருக்கும் படிப்பு, அது நடத்தப்படும் முறையோடு, அதில் இருக்க வேண்டும். ஆசிரியப் பணி, பொறியியல், சட்டம் போன்ற துறைகளில் பட்டம் மட்டும் போதுவதில்லை. அப்பணியை நெறிப்படுத்தும் அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்பது வேறொரு கேள்வி. அரசுப் பள்ளியில் ஆசிரியராகும் விருப்பத்தோடு ஏதோவொரு பட்டத்தை முடித்துவிட்டுப் பின்பு கைபிசைவோரை நம்மிடையே கண்டிருக்கிறோம். கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் வழியுண்டு. அது முதுமைக்குச் சேர்த்த பணம் என்பதால், படிப்பை முடிக்கும் வாய்ப்பைக் கணித்த பின்னரே அதில் கை வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டவர்கள்கூடக் கேட்க மறக்கும் ஒன்று உண்டு. பணிபுரிவோர் பெரும்பாலும் அறிவுக் குறையால் படிப்பை விடுவதில்லை. ஒரு நோய், ஒரு பணிமாற்றம், ஒரு பிள்ளைப்பேறு. ஒரு தவணை நின்றுபோகிறது. திரும்பி வரும்போது பழைய கிரெடிட் செல்லாது, பாடத்திட்டம் மாறிவிட்டது, மறுபதிவுக் கட்டணம் இவ்வளவு என்ற செய்தி எதிர்கொள்கிறது. அந்தப் பெண்மணி சேர்க்கை மேசையில் அமரும்போது முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அன்று. மூன்றாம் தவணையில் நான் ஓராண்டு நிற்க நேர்ந்தால், திரும்பி வரும்போது எந்த இடத்திலிருந்து தொடங்குவேன், அதற்கு எவ்வளவு செலவாகும், அந்த விதியை எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். மிண்டன் வளாகத்தின் இறுதி ஆண்டு விதியும் அன்றைய கையேட்டில் எழுத்திலேயே இருந்திருக்கும். எத்தனை பேர் அதைச் சேரும் நாளில் படித்தார்கள், எத்தனை பேர் கடைசி ஆண்டின் வாசலில் படித்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.