செவிக்கு எட்டாத எழுத்து

தரம் எட்டில் லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். முன்வாங்கில் இருந்த பார்வையற்ற மாணவன் எழும்பி, "சேர், மூணும் ஒண்டுதானே?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் 'பழம்' என்பதும் 'பளம்' என்றுதான் விழுகிறது. பார்வையுள்ள பிள்ளை பேச்சில் தொலைந்ததைப் புத்தகத்தில் கண்டெடுக்கிறது. காதை மட்டும் நம்பியிருந்த அவன் எங்கே போய்க் கண்டெடுப்பான்? அவன் செய்யுள்களைக் கேட்டு அப்படியே ஒப்புவிப்பதை நான் அதுவரை மெச்சிக்கொண்டே இருந்தேன். பரீட்சையில் அவன் சொல்ல வேறொருவர் எழுதினார். அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான்.

பார்வையற்றவரின் கல்வி என்றதும் நமது சமூகத்துக்குப் பெருமையோடு சொல்ல நிறையவே உண்டு. அறிவு தேடி வந்த அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (றழி) அவர்களை முன்னிட்டே 'அபஸ' ஸூறாவின் தொடக்க வசனங்கள் இறங்கின. பிலால் (றழி) அவர்களோடு அவரும் நபி (ஸல்) அவர்களின் முஅத்தினாக இருந்தார். மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு. சிரியாவிலே பிறந்த அபுல் அலா அல் மஅர்ரீ (973–1057) சிறு வயதிலேயே அம்மையில் பார்வையை இழந்தவர். அறபுக் கவிதையின் சிகரங்களில் ஒருவர். 14ஆம் நூற்றாண்டில் ஸலாஹுத்தீன் அஸ்ஸபதீ, பார்வையற்ற பிரபலங்களுக்கென்றே 'நக்துல் ஹிம்யான்' என்ற வரலாற்று நூலைத் தொகுத்தார். ஒரு தனி நூலை நிரப்பும் அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இவர்களுக்குக் கல்வி பெரும்பாலும் காது வழியாகவே வந்தது. ஆசிரியர் ஓத, மாணவர் கேட்டு மனனமிட்டு, மீண்டும் ஓதிக் காட்டுவதுதான் முறை. அந்த முறையில் பார்வையற்றவருக்கும் மற்றவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஹிப்ழு மத்ரஸாக்களில் இன்றும் அப்படித்தான்.

ஆனால் அஸ்ஸபதீ சொல்லும் ஒருவரை நாம் அதிகம் பேசுவதில்லை. பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் அல் ஆமிதீ ஓர் அறிஞர், புத்தக வியாபாரியும்கூட. புத்தகம் வாங்கியதும் மெல்லிய தாளை முறுக்கி, விலையைக் குறிக்கும் எழுத்தின் வடிவில் வளைத்து, அட்டையின் உட்புறம் ஒட்டிவிடுவாராம். அறபு எழுத்துகளுக்கு அப்ஜத் கணக்கில் எண் மதிப்பு உண்டல்லவா? விலை மறந்தால் விரலால் தடவிப் பார்த்துக்கொள்வார். பிரான்ஸில் லூயி பிரெயில் பிறப்பதற்கு ஏறத்தாழ ஐந்நூறு வருடங்களுக்கு முந்திய சங்கதி இது. இதைச் சொல்லி 'நாம்தான் முதலில்' என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த உபாயம் ஒரு தனிமனிதரின் கடையோடு நின்றுவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஒப்புவிக்கும் பிள்ளையைக் கண்டு திருப்திப்பட்ட சமூகத்துக்கு அது தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

லூயி பிரெயில் 1809இல் பிறந்தார். மூன்று வயதில், தோல் வேலை செய்த தகப்பனாரின் பட்டறையில் ஊசி குத்திப் பார்வை போனது. பரிஸ் பாடசாலையில் அவர் படித்த காலத்தில், சார்ள்ஸ் பார்பியே என்ற இராணுவ அதிகாரி பன்னிரண்டு புள்ளி முறையொன்றை அங்கே அறிமுகப்படுத்தினார். அந்த முறை குறித்தது ஒலிகளை, எழுத்துகளை அல்ல. அதாவது எனது மாணவனின் சிக்கல்தான் அங்கேயும். பிரெயில் புள்ளிகளை ஆறாகக் குறைத்ததோடு அவற்றை எழுத்துகளுக்கு உரியவையாக்கினார். 1829இல் அம்முறை அச்சில் வந்தது. 1852இல் அவர் இறந்து இரண்டு வருடங்களுக்குப் பின்தான் அவருடைய பாடசாலையே அதை உத்தியோகபூர்வமாக ஏற்றது.

எகிப்தின் தாஹா ஹுஸைனும் (1889–1973) குழந்தையாக இருக்கும்போதே பார்வையை இழந்தவர். குர்ஆனை மனனமிட்டாயிற்று என்று குத்தாப் ஆசிரியர் சொன்னதை நம்பித் தகப்பனார் ஓதச் சொல்ல, பிள்ளை மறந்து திகைத்து நின்றதை 'அல் அய்யாம்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். 1914இல் அல் மஅர்ரீ பற்றிய ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றார், 1950இல் கல்வி அமைச்சரானார். அவருக்கும்கூட நூல்களைப் பிறர்தான் வாசித்துக் காட்டினார்கள். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். அத்தனை பெரிய மனிதருக்கு அப்படி உதவ ஆட்கள் இருந்தார்கள். ஊர்ப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

1951இல் யுனெஸ்கோ பெய்ரூத்தில் கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு ஆசிய மொழிகளின் பிரெயில் எழுத்துகளில் ஓர் ஒழுங்கு வந்தது. அறபுப் பிரெயிலும் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படுகிறது. ஆனால் ஊசியால் துளைக்கும்போது தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகவே போக வேண்டும்! நமது நாட்டில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கதவைத் திறந்தவர் 1912இல் பாடசாலை தொடங்கிய மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி. அந்தப் பாடசாலை இன்றும் இரத்மலானையில் இருக்கிறது. மத்ரஸாக்களும் பாடசாலைகளும் கட்டிய நாம் இந்தப் பக்கம் வரத் தாமதித்தோம் என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்.

அந்த மாணவன் பிறகு வெளியூர் விடுதிப் பாடசாலையொன்றுக்குப் போனான். அடுத்த நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு வந்தபோது வாப்பாவோடு வீட்டுக்கு வந்து, தடித்த தாளொன்றை என் முன்னால் வைத்தான். என் சுட்டுவிரலைப் பிடித்து ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினான். "இடப்பக்கம் மூணு புள்ளி, அது லகரம் சேர். வலப்பக்கம் மூணு, ளகரம்." ழகரத்துக்கு இடப்பக்க மூன்றோடு வலப்பக்கம் கீழே இன்னும் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு நானும் தடவிப் பார்த்தேன். ஐந்தா மூன்றா என்று எனக்குப் பிடிபடவில்லை. "இன்னொருக்காப் பாருங்க சேர்" என்றான்.